பருவுக்குப் பூசும் மருந்துகளை எதோடு எதைச் சேர்ப்பது, எப்படிச் சேர்ப்பது

பரு போகவே மாட்டேன் என்கிறது என்று சொல்பவர்களிடம் இப்போது என்னென்ன போடுகிறீர்கள் என்று கேட்டால் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: காலையில் சாலிசிலிக் ஃபேஸ்வாஷ், அதன் மேல் வைட்டமின் சி சீரம், ராத்திரி மறுபடியும் அதே ஃபேஸ்வாஷ், ஒரு நியாசினமைடு சீரம், அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஒரு ஜெல், வாரத்தில் இரண்டு நாள் ஸ்க்ரப். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல பொருளாகவே இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் சீக்கிரமே வாயோரம் உரியும், மூக்கோரம் காந்தும், வெறும் தண்ணீர் பட்டாலே எரியும். உடனே "இந்த ஜெல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பல சமயம் அந்தப் பட்டியலிலேயே பருவைக் குறைக்கக்கூடிய மருந்து அது ஒன்றுதான்.

நம்முடைய மாநிறத் தோலில் இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பரு ஆறின இடத்தில் கறுப்பாகத் தழும்பு நிற்பது எல்லோருக்கும் தெரியும். மருந்தினால் வரும் எரிச்சலும் அதே மாதிரி கறுப்புத் திட்டை விட்டுச்செல்லும், அது மறைய மாதக் கணக்காகும். அதனால் வேகமாகப் போகவேண்டும் என்று அவசரப்பட்டு மூன்று மருந்தை ஒன்றாகப் போடுபவர், பருவோடு சேர்த்து அந்தக் கறுப்பையும் சுமக்கவேண்டி வரும். ஒரு நேரத்தில் ஒரு மருந்து, அது தோலுக்குப் பழகிய பிறகு அடுத்தது. கீழே சொல்லப்போவது எல்லாமே இதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில், ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து ஏன் வேண்டும்? பரு வருவதற்கு நான்கு விஷயங்கள் சேருகின்றன: எண்ணெய் அதிகம் சுரப்பது, இறந்த செல்கள் சேர்ந்து துளையை அடைப்பது, அந்த அடைப்புக்குள் ஒரு வகை பாக்டீரியா பெருகுவது, அதனால் வரும் வீக்கம். பூசும் மருந்து எதுவும் இந்த நான்கையும் தனியாகச் சமாளிக்காது. அதனால்தான் டாக்டர்கள் அடைப்பை எடுக்கும் ஒன்றையும் பாக்டீரியாவைக் கொல்லும் ஒன்றையும் சேர்த்துத் தருகிறார்கள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், அமெரிக்கத் தோல் மருத்துவச் சங்கம் 2024இல் வெளியிட்டதும் இந்தச் சேர்க்கையைத்தான் பரிந்துரைக்கின்றன. ஆக, சேர்ப்பது தப்பில்லை, சேர்க்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும்.

டியூபைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கம் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழேயோ பின்பக்கமோ பொடி எழுத்தில் உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். அதைப் படிக்காமல் எதையும் முகத்தில் வைக்காதீர்கள். இரண்டு வேறு பெயர்களில் ஒரே மருந்தை வாங்கி இரண்டையும் பூசிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

அடாபலீன் 0.1% என்று இருந்தால் அது ரெட்டினாய்டு வகை, அதாவது வைட்டமின் ஏ சார்ந்த மருந்து. துளை அடைபடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை, பிளாக்ஹெட், ஒயிட்ஹெட், பொடிப் பொடியாக நெற்றியில் வருவது எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. ட்ரெட்டினாயின் என்பதும் இதே குடும்பம்தான், எரிச்சல் கொஞ்சம் அதிகம். அமெரிக்காவில் அடாபலீன் 0.1% ஜெல்லை 2016 முதல் டாக்டர் சீட்டு இல்லாமலேயே வாங்கலாம், இந்தியாவில் அது டாக்டர் எழுதித் தரவேண்டிய மருந்து.

பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்வது. சிவந்து, சீழ் வைத்து வரும் பருவுக்கு நன்றாகக் கேட்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஆன்டிபயாட்டிக் போல பாக்டீரியா இதற்குப் பழகிப்போவதில்லை, எத்தனை மாதம் போட்டாலும் வேலை செய்யும். 2.5%, 5%, 10% என்று கிடைக்கிறது. பத்துதான் பலமானது என்று அதை வாங்காதீர்கள். சிவந்த பருவைக் குறைப்பதில் 2.5 சதவீதமும் கிட்டத்தட்ட அதே பலனைத் தருகிறது, எரிச்சல் மட்டும் குறைவு.

க்ளிண்டாமைசின் ஆன்டிபயாட்டிக். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் பரு என்று சொன்னதும் எடுத்து நீட்டும் ஜெல்களில் இது மிகச் சாதாரணம். இதைத் தனியாகப் போடவே கூடாது. ஒன்றிரண்டு மாதம் நன்றாகக் கேட்பதுபோல இருக்கும், அப்புறம் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும், பரு திரும்ப வரும்போது அதே ஜெல் கேட்காது. பென்சாயில் பெராக்சைடு கூட இருந்தால் அந்த எதிர்ப்புத் தன்மை வருவது குறையும். டாக்டர் க்ளிண்டாமைசின் எழுதியிருந்தால் "இதோடு பென்சாயில் பெராக்சைடும் போடட்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

சாலிசிலிக் ஆசிட், அசெலாயிக் ஆசிட், நியாசினமைடு மூன்றும் துணைக்கு வருபவை. சாலிசிலிக் எண்ணெயில் கரைவதால் துளைக்குள் இறங்கும், 2 சதவீதம் போதும். அசெலாயிக் பருவையும் பார்க்கும், கறுப்புத் தழும்பையும் மங்க வைக்கும், நம் தோலுக்கு இது ரொம்பப் பொருத்தம், ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை. நியாசினமைடு சாதுவானது, மற்ற எதோடும் சண்டை போடாது.

இனி மிக முக்கியமானது. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், ஃப்ளுவோசினோலோன், இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று டியூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் உங்கள் முகத்தைப் பார்த்து எழுதித் தராத ஸ்டீராய்டைப் பருவுக்குப் பூசாதீர்கள். முகம் வெளுக்க என்று விற்கிற பல க்ரீம்களில் இது ஹைட்ரோகுவினோன் என்ற வெளுக்க வைக்கும் மருந்தோடும் ட்ரெட்டினாயினோடும் சேர்ந்து இருக்கும். போட்ட முதல் வாரம் சிவப்பு அடங்கும், முகம் பளிச்சென்று ஆகும், பக்கத்து வீட்டு அக்கா "என்ன போடுற?" என்று கேட்பார். மாதங்கள் போனதும் தோல் மெலியும், ரத்தக் குழாய் தெரியும், மீசை இல்லாத இடத்தில் முடி வரும், ஸ்டீராய்டினாலேயே புதுப் பரு வரும். நிறுத்தினால் முகம் தீப்பிடித்த மாதிரி எரியும், அதனால் நிறுத்த முடியாமல் மறுபடியும் அதையே தேடிப் போவார்கள். இந்தக் கொடுமையைத் தோல் டாக்டர்கள் பல வருடமாகக் கத்திச் சொன்ன பிறகுதான் 2018இல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. ஏற்கெனவே மாதக் கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் தடாலென்று நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள், அவர் படிப்படியாக இறக்குவார்.

முதல் இரண்டு வாரம்: எல்லாவற்றையும் நிறுத்துங்கள்

ஸ்க்ரப், டோனர், வைட்டமின் சி, எலுமிச்சை, பேக்கிங் சோடா, பருவின் மேல் வைக்கும் டூத்பேஸ்ட், எல்லாம். மூன்றே பொருள் இருக்கட்டும்: நுரை அதிகம் வராத மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். குளிக்கிற சோப்பை முகத்துக்குப் போடவேண்டாம், அது தோலை இழுத்துப் பிடித்த மாதிரி ஆக்கிவிடும். காலை ஒருமுறை, ராத்திரி ஒருமுறை கழுவினால் போதும், வியர்த்தால் வெறும் தண்ணீர்.

"எனக்கு ஏற்கெனவே எண்ணெய் வடிகிறது, மாய்ஸ்சரைசர் எதற்கு?" என்று எல்லோரும் கேட்பார்கள், அதுவும் சென்னை வெயிலிலும் புழுக்கத்திலும் இருப்பவர்கள். மருந்தை நீங்கள் தொடர்ந்து போட முடியுமா முடியாதா என்பதை முடிவு செய்வதே அதுதான். ஜெல் மாதிரி லேசானதாக, துளையை அடைக்காது என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். தேங்காய் எண்ணெயை அந்த இடத்துக்குக் கொண்டுவரவேண்டாம், பரு வரும் முகத்துக்கு அது அடைப்பு.

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்கும் அளவு வேண்டும். இதைப் போடாமல் ரெட்டினாய்டு தொடங்குவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

முன்பே காந்தல் இருந்தவர்கள் அது முழுதாக அடங்கும்வரை இந்த நிலையிலேயே இருங்கள். இரண்டு வாரம் நான்கு வாரமானாலும் பரவாயில்லை.

மூன்றாவது வாரம்: ஒரே ஒரு மருந்து

எதை முதலில்? பொடிப் பரு, பிளாக்ஹெட் அதிகமென்றால் அடாபலீன். அங்கங்கே சிவந்த பரு மட்டுமென்றால் பென்சாயில் பெராக்சைடு. இரண்டும் கலந்து இருப்பவர்கள்தான் அதிகம், அவர்களும் அடாபலீனில் தொடங்கலாம், ஏனென்றால் பழக அதிக நாள் எடுப்பது அதுதான்.

புது மருந்து எதுவானாலும் முதலில் தாடைக்குக் கீழே, பரு இருக்கும் சின்ன இடத்தில் மூன்று நாள் போட்டுப் பாருங்கள். பென்சாயில் பெராக்சைடும் சாலிசிலிக்கும் அபூர்வமாகக் கடுமையான அலர்ஜி தரும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இலேயே எச்சரித்திருக்கிறது. முகம் வீங்குவது, தொண்டை இறுகுவது, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் அது சாதாரண எரிச்சல் கிடையாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அடாபலீன் போடும் முறையை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். ராத்திரி முகம் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, ஒரு இருபது நிமிடம் விடுங்கள், தோல் நன்றாகக் காயட்டும், ஈரத் தோலில் எரிச்சல் கூடும். மூக்கோரம், உதட்டோரம், கண்ணோரம் மூன்று இடத்திலும் கொஞ்சம் வாசலின் தொட்டு வையுங்கள். ஒரு பட்டாணி அளவு ஜெல்லை விரல் நுனியில் எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து இடத்தில் பொட்டு வைத்து, அங்கிருந்து முகம் முழுக்கப் பரப்புங்கள். பரு இருக்கும் இடத்தில் மட்டும் வைக்கிற மருந்து இல்லை இது, இன்னும் வெளியே தெரியாத அடைப்புக்காகத்தான் போடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக இருந்தால் சரியான அளவு, வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். அதன் மேல் மாய்ஸ்சரைசர். தோல் மென்மையானவர்கள் ஜெல்லுக்கு முன்னும் ஒரு கோட், பின்னும் ஒரு கோட் மாய்ஸ்சரைசர் போடலாம்.

முதல் இரண்டு வாரம் இரண்டு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். காந்தல் இல்லையென்றால் தினமும். லேசாக உரிவதும் சிவப்பதும் முதல் மாதத்தில் வரும், கொஞ்சம் புதுப் பருவும் கிளம்பலாம். அதைப் பார்த்து பயந்து நிறுத்தவும் வேண்டாம், சீக்கிரம் போகட்டும் என்று இரண்டு மடங்கு பூசவும் வேண்டாம்.

அடுத்த மாதம்: இரண்டாவது மருந்து

அடாபலீன் வாரத்தில் ஐந்து நாளாவது எரிச்சல் இல்லாமல் போகிறது என்ற நிலைக்கு வந்த பிறகு காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5% சேருங்கள். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கழுவி, காயவைத்து, மெல்லியதாக மருந்து, மாய்ஸ்சரைசர், கடைசியில் சன்ஸ்கிரீன். முகத்தில் விட்டுவைத்தால் காந்துகிறது என்பவர்கள் ஃபேஸ்வாஷ் வடிவில் வருவதை வாங்கி இரண்டு நிமிடம் வைத்திருந்து கழுவிவிடலாம், எரிச்சல் நன்றாகக் குறையும்.

இந்த மருந்து துணியின் சாயத்தை எடுத்துவிடும். நீலத் தலையணை உறையில் ஆரஞ்சுத் திட்டு, யூனிஃபார்ம் காலரில் வெளுத்த வட்டம், துப்பட்டா ஓரத்தில் கறை, எல்லாம் இதன் வேலை. முகத்துக்கு வெள்ளைத் துண்டு ஒன்று தனியாக வையுங்கள், போட்டதும் கையைக் கழுவுங்கள், புருவத்திலும் முடியிலும் படாமல் பாருங்கள். இந்தப் பொருள் சூட்டில் சிதைந்து, புற்றுநோய் வரவழைக்கக்கூடிய பென்சீன் உண்டாகிறது என்று 2024இல் பேச்சு எழுந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் அரசே சோதித்ததில் பெரும்பாலான பொருட்களில் அது இல்லை அல்லது மிக மிகக் குறைவு, ஒருசிலவற்றை மட்டும் திரும்பப் பெற்றார்கள். பயந்து விடவேண்டியதில்லை, ஆனால் வெயிலில் நிற்கும் காரிலோ ஜன்னல் விளிம்பிலோ டியூபை வைக்காதீர்கள், தேதி முடிந்ததைத் தூக்கிப் போடுங்கள்.

அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை, இரண்டும் ஒரே டியூபில் கலந்தே வருகிறது. டாக்டர் அதை எழுதியிருந்தால் ராத்திரி ஒருமுறை அதை மட்டும் போட்டால் போதும், காலையில் தனியாக இன்னொன்று வேண்டாம். ட்ரெட்டினாயின் கதை வேறு. சாதாரண ட்ரெட்டினாயினைப் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துப் பூசினால் அது சிதைந்துபோகும், வெளிச்சம் பட்டால் இன்னும் வேகமாக. ஆகவே ட்ரெட்டினாயின் ராத்திரி, பென்சாயில் பெராக்சைடு காலை என்று பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே டியூபில் அடைக்க, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சிலிக்கா உறைக்குள் வைத்துத்தான் 2021இல் அமெரிக்காவில் ஒரு க்ரீமுக்கு அனுமதி கிடைத்தது.

எதோடு எது வேண்டாம்

இரண்டு ரெட்டினாய்டு ஒன்றாக வேண்டாம், அழகு சீரம்களில் இருக்கும் ரெட்டினாலும் இதில் சேர்த்தி. அடாபலீன் போடும் ராத்திரியில் கிளைகாலிக், சாலிசிலிக் போன்ற ஆசிட் எதுவும் வேண்டாம். சாலிசிலிக் ஃபேஸ்வாஷை விட மனசில்லாதவர்கள் அடாபலீன் பழகிய பிறகு வாரம் இரண்டு நாள் காலையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பென்சாயில் பெராக்சைடு போடாத நாளாகப் பார்த்து. பருவுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் இன்னொரு மருந்தான டாப்சோன் ஜெல்லும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்தால் தோலும் முடியும் தற்காலிகமாக மஞ்சளாகும். நியாசினமைடு, அசெலாயிக் இரண்டையும் தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் தோலுக்குப் பழகிய பிறகுதான். கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இவை எதையுமே பூசவேண்டாம், தோல் ஏற்கெனவே வறண்டிருக்கும்.

கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் அடாபலீன், ட்ரெட்டினாயின் இரண்டையும் விட்டுவிடவேண்டும். அசெலாயிக் ஆசிட் அந்தச் சமயத்துக்குப் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது, உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

பார்லர் விஷயமும் இருக்கிறது. ரெட்டினாய்டு போடும் முகத்தில் வேக்சிங் செய்தால் மேல்தோல் கையோடு வந்துவிடும், மேலுதட்டில் புண்ணாகிப் பிறகு கறுப்பாகவே நிற்கும். த்ரெடிங் என்றால் ஒரு வாரம் முன்பே அந்த இடத்தில் மருந்தை நிறுத்துங்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ப்ளீச், ஃபேஷியல் என்று போகிறவர்கள் பார்லரில் என்ன மருந்து போடுகிறோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ராத்திரி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அப்படியே படுப்பவர்களுக்கு நெற்றியோரப் பரு எந்த மருந்துக்கும் முழுசாக அடங்காது. எண்ணெய் வைக்கத்தான் வேண்டுமென்றால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து அலசிவிடுங்கள்.

எரிந்துவிட்டால்

லேசாக உரிந்தால் இரண்டு நாள் இடைவெளி கூட்டுங்கள். தண்ணீர் பட்டாலே எரிகிறது, முகம் பளபளவென்று இறுகிச் சிவந்திருக்கிறது என்றால் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு முதல் இரண்டு வாரக் கட்டத்துக்குத் திரும்புங்கள். ஆறியதும் ஒரே மருந்து, வாரம் இரண்டு நாள். எரிச்சலை அடக்க வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு க்ரீமைத் தொடவேண்டாம், மஞ்சளும் வேண்டாம், வெறும் மாய்ஸ்சரைசர் போதும்.

எத்தனை நாள், எப்போது டாக்டர்

எட்டு முதல் பன்னிரண்டு வாரம். அதற்குள் பலனைத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தினமும் கண்ணாடியில் தேடாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். முகம் தெளிந்த பிறகும் அடாபலீனைத் தொடரவேண்டும், நிறுத்தினால் அடைப்பு திரும்ப வரும்.

சிலர் காத்திருக்கவே கூடாது. தோலுக்கு அடியில் கட்டி மாதிரி வலிக்கும் பரு, பள்ளம் விழும் தழும்பு, தாடையோரம் பரு வருவதோடு மாதவிடாய் தள்ளிப்போவதும் முகத்தில் முடி வருவதும் இருந்தால் நேராக டாக்டரிடம். ஒரே அளவில் பொடியாக, அரிப்போடு, நெற்றியிலும் மார்பிலும் வியர்வைக் காலத்தில் கிளம்புவது பருவாகவே இல்லாமல் ஈஸ்ட் தொற்றாக இருக்கலாம், அதற்கு மேலே சொன்ன மருந்து வேலை செய்யாது, க்ளிண்டாமைசின் போட்டால் இன்னும் கூடலாம். பரு காரணமாக வெளியே போகவே பிடிக்கவில்லை, யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை என்றால் அதுவும் டாக்டரைப் பார்க்கப் போதுமான காரணம்தான், அதையும் அவரிடம் சொல்லுங்கள். தனியாரில் செலவு தாங்காது என்பவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது இதுவரை போட்ட எல்லா டியூபையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துக்கொண்டு போங்கள், ஒவ்வொன்றையும் எத்தனை வாரம் போட்டீர்கள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள். வெளுப்பதற்கு என்று யாரோ கொடுத்த பெயர் இல்லாத டப்பா இருந்தால் அதையும் வெட்கப்படாமல் மேசை மேல் வையுங்கள்.